மருந்துண்ணும் காலத்து உணவு

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் மூதுரை. மூன்று நாளில் முடிந்துவிடும் மருந்தாயின் உணவைப் பற்றிய கவலை பெரிதாக எழுவதில்லை. கஞ்சியையும் இரசத்தையும் குடித்து அந்நாட்களைக் கழித்துவிடலாம். ஆனால் ஆறு மாதம் இடைவிடாது உண்ணவேண்டிய மருந்துகளும், ஆயுள் முழுவதும் உண்ணவேண்டிய மருந்துகளும் வந்துவிட்ட இக்காலத்திற்கு அம்மூதுரை போதாது. நாள்தோறும் மருந்துண்பவர் நாள்தோறும் சோறும் உண்ணவேண்டும், தேநீரும் அருந்தவேண்டும். ஒரே வயிற்றில் இரண்டும் சந்திக்கின்றன. அச்சந்திப்பு நன்மையாக முடிவதற்கு நோயாளியும் அவருக்குச் சமைத்துப் போடுபவரும் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு.

மருந்துக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பு தமிழருக்குப் புதிதன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைப் படிப்போர், அதன் பத்துக் குறள்களுள் பெரும்பாலானவை உண்ணும் முறையைப் பற்றியே பேசுவதைக் காண்பர். வைத்தியனைப் பற்றிய குறள்கள் இறுதியிலேதான் வருகின்றன. சித்த வைத்தியரிடம் மருந்து வாங்கியவர் முதலில் கேட்கும் கேள்வி, “ஐயா, பத்தியம் என்ன?” என்பதாகவே இருக்கும். சிங்கள மக்களும் ஆயுள்வேத வழியில் இதே சொல்லை வழங்குகின்றனர். ஆகவே பத்தியம் என்பது இந்நாட்டில் எல்லோர்க்கும் பொதுவான சொத்து.

எனினும் இப்பொதுச் சொத்தை இன்று பலர் இருவேறு வகையில் தவறாகக் கையாள்கின்றனர். “ஆங்கில வைத்தியத்திற்குப் பத்தியம் கிடையாது, எதையும் உண்ணலாம்” என்பார் ஒரு சாரார். “மருந்து உண்ணும்போது மீன், முட்டை, பருப்பு, தயிர் யாவும் ஆகா” என்று கூறி, நோயாளியை வெறுஞ்சோற்றோடு நிறுத்திவிடுவார் மற்றொரு சாரார். முதற் சாரார் சிலவேளைகளில் நோயாளியை ஆபத்துக்கு உள்ளாக்குகின்றனர். இரண்டாம் சாரார் நலிந்த உடலை மேலும் நலிவிக்கின்றனர். மெய்யான நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எல்லா மருந்துக்கும் பொதுவான பத்தியம் என்று ஒன்றில்லை. ஆனால் பல மருந்துகளுக்குத் தனித்தனியே உரிய பத்தியம் உண்டு. இதனை விளக்குவதற்கு மலைநாட்டிலேயே நல்ல சான்று கிடைக்கிறது.

கண்டி மாநகரின் வடபால், கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வீதியிலே மஹய்யாவ அமைந்திருக்கிறது. நகரைத் துப்புரவாக வைத்திருக்கும் பணிக்கென்று பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் குடியிருப்பு அங்கே உண்டு. வீடுகள் சிறியவை, ஒன்றையொன்று நெருங்கியவை. கடலோ வெகுதூரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 115 கிலோமீற்றர்; திருகோணமலையிலிருந்தோ அதனினும் தூரம். கண்டிச் சந்தையில் விற்கப்படும் கடல்மீன் யாவும் லொறியேறி மலையேறி வந்தவையே. நெருக்கமான வீடு, தொலைதூரத்து மீன் என்னும் இவ்விரண்டையும் நேயர்கள் நினைவிற் கொள்வது நன்று. முன்னது நோயொன்றுடன் தொடர்புடையது. பின்னது அந்நோயின் மருந்துடன் தொடர்புடையது.

அந்நோய் சயரோகம் என்றும் காசநோய் என்றும் வழங்கப்படுவது. காற்றோட்டம் குறைந்த இடத்தில், பலர் நெருங்கி வாழும்போது, நோயாளியின் இருமலோடு வெளிப்படும் கிருமி மற்றவரைத் தொற்றுகிறது. அந்தக் கிருமி குலம் பார்ப்பதில்லை, தொழிலும் பார்ப்பதில்லை. இந்நோய்க்குச் சிறந்த மருந்துகளுள் ஒன்றான ஐசோனியசிட் 1952ஆம் ஆண்டிலே பயன்பாட்டுக்கு வந்தது. இன்று அம்மருந்தோடு ரிபாம்பிசின் முதலிய வேறு மருந்துகளையும் சேர்த்து, முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகளுமாக, ஆறு மாதம் கொடுப்பது வழக்கம். இலங்கையில் அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இம்மருந்துகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன.

சயரோகம் என்றவுடன் முட்டை, பால், இறைச்சி எனச் சத்துணவு மிகுதியாக வேண்டும் என்ற எண்ணம் முன்னாளில் வேரூன்றியிருந்தது. வசதியற்றவர் தமக்கு இந்நோய் தீராது என்று மனம் தளர்ந்தமைக்கு இவ்வெண்ணமும் ஒரு காரணம். அதனை மாற்றிய பெருமை சென்னை நகரத்துக்கு உரியது. அங்கே 1956ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தது. ஒரு பிரிவினர் நல்லுணவும் ஓய்வும் கிடைக்கும் ஆரோக்கிய நிலையத்தில் தங்கினர். மற்றப் பிரிவினர் நெரிசலான தத்தம் வீடுகளில் எளிய உணவையே உண்டு, வேலைகளையும் கவனித்துக்கொண்டு மருந்துண்டனர். 1959ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகத்து வைத்தியர்களை வியக்கச் செய்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே குணமடைந்திருந்தனர். மருந்தை ஒழுங்காக உண்பதே முதன்மையானது, உணவு எளியதாயினும் நோய் தீரும் என்பது அதனால் உறுதியாயிற்று. சத்துணவு நல்லதே, ஆனால் அது கிடைக்கவில்லை என்று மருந்தைக் கைவிடுவதற்கு நியாயமில்லை.

எளிய உணவு போதும் என்பதைச் சென்னை காட்டியது. எந்த உணவு மருந்தோடு பகைக்கும் என்பதைக் காட்டியவர்கள் இலங்கை வைத்தியர்கள். 1970களில் ஐசோனியசிட் உண்ட நோயாளிகள் சிலருக்கு ஒரு விசித்திரமான துன்பம் நேர்ந்தது. உணவு உண்ட சிறிது நேரத்துக்குள் முகம் சிவந்தது, கண்கள் சிவந்தன, தலை பிளப்பதுபோல் வலித்தது, நெஞ்சு படபடத்தது, உடலெங்கும் அரிப்பு எழுந்தது, சிலர் வாந்தியெடுத்தனர். உண்டது என்னவென்று விசாரித்தபோது, சூரை மீன் என்று தெரிந்தது. சிங்களத்தில் ‘பலயா’ எனப்படும் இம்மீன் இந்நாட்டில் மிகுதியாக உண்ணப்படுவது. வைத்தியர் சி. ஜி. ஊரகொட அவர்களும் எஸ். ஆர். கொட்டேகொட அவர்களும் 1977ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தானியக் காசநோய் ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் நிமால் சேனாநாயக்க அவர்களும் உடன் பணியாற்றியோரும், ஐசோனியசிட் உண்டுவந்த ஒருவர் சூரை மீனால் இவ்வாறு துன்புற்றதை அடுத்து மூளை இரத்தக் குழாய்ப் பாதிப்புக்கும் உள்ளானதைப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினர். பிற்காலத்தில் பேராதனை மருத்துவ பீடத்தின் பேராசிரியராக விளங்கியவர் சேனாநாயக்க அவர்கள். வெறும் அரிப்பென்று அலட்சியம் செய்யத்தக்க செய்தியன்று இது என்பதை அவ்வறிக்கை உணர்த்திற்று.

இத்துன்பத்தின் காரணம் யாது? சூரை, கெலவல்லா, தளபத், கும்பளா முதலிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் புரதக்கூறு இயல்பாகவே மிகுதி. மீன் பிடிபட்டவுடன் பனிக்கட்டியில் நன்கு இடப்படாவிட்டால், அதிலுள்ள பற்றீரியாக்கள் பெருகி, ஹிஸ்டிடினை ஹிஸ்டமின் என்னும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே போதும். இவ்வாறு உண்டான ஹிஸ்டமின் கொதிக்கவைப்பதால் அழியாது, பொரிப்பதால் அழியாது, தகரத்தில் அடைக்கும் சூட்டினாலும் அழியாது. பின்னர் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் போகாது. மீன் நாறவேண்டும் என்பதுமில்லை. பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல மீனாகவே தோன்றலாம்.

நல்ல உடலில் குடலும் ஈரலும் சிறிதளவு ஹிஸ்டமினைச் சிதைத்து விலக்கிவிடுகின்றன. அதற்கென்று உடலில் சில நொதியங்கள் உள்ளன. ஐசோனியசிட் காசக் கிருமியைக் கொல்வதோடு, இந்நொதியங்களின் வேலையையும் தடுத்துவிடுகிறது. வாயிற்காவலனைக் கட்டிப்போட்ட வீட்டைப்போல உடல் ஆகிவிடுகிறது. பிறர்க்கு ஒன்றும் செய்யாத அளவு ஹிஸ்டமினும் இந்நோயாளியின் இரத்தத்தில் புகுந்து, குழாய்களை விரித்து, முகத்தைச் சிவக்கச் செய்து, நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. ஒரே சட்டியில் ஆக்கிய ஒரே மீன் குழம்பை வீட்டார் அனைவரும் உண்டிருக்க, மருந்துண்பவர் ஒருவருக்கு மட்டும் துன்பம் நேர்வதன் மருமம் இதுவே. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் நேராதபோது, மீனின்மீது ஐயம் எழுவதற்கு இடமேது? வீட்டார் மாத்திரையையே குற்றஞ்சாட்டுவர்.

ஆபத்து உண்மையில் இங்கேதான் பெருகுகிறது. முகம் சிவந்து நெஞ்சு படபடத்த நோயாளி, “இந்த மாத்திரை என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று தாமே முடிவு செய்து அதனை நிறுத்திவிடலாம். இருமல் ஏற்கெனவே குறைந்திருந்தால், நிறுத்துவதற்கு மனம் இன்னும் எளிதில் இசையும். ஆனால் உடலில் மறைந்திருக்கும் கிருமிகள் அரைகுறை மருந்தினால் மடிவதில்லை. அவற்றுள் வலியவை எஞ்சி, மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிடலாம். பின்னர் அதே மருந்தை மீண்டும் கொடுத்தாலும் பயன் விளையாது. அக்கிருமியே வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றினால், அக்குழந்தைக்கும் எளிய மருந்து உதவாமற் போகும். ஒருவேளை உண்ட மீனைப் பற்றி வைத்தியரிடம் ஒரு சொல் சொல்லாமல் விட்டதனால், ஆறு மாதச் சிகிச்சை பாழாகி, ஒரு குடும்பமே துன்பத்துக்கு உள்ளாகக்கூடும்.

ஆகவே சயரோக மருந்து உண்போர் செய்யவேண்டியது யாது? சிகிச்சை முடியும்வரை சூரை, கெலவல்லா, தளபத், கும்பளா போன்ற மீன்களை விலக்கவேண்டும். இவற்றின் கருவாட்டையும், இம்மீன்களை அடைத்த தகர மீனையும் அவ்வாறே விலக்கவேண்டும். சம்பலில் இடிக்கும் மாசியும் சூரையிலிருந்தே செய்யப்படுவதாதலால், அதனையும் இக்கணக்கில் சேர்ப்பதே பாதுகாப்பு. நன்கு முதிர்ந்த பாற்கட்டியும் இத்தகைய துன்பத்தை விளைவிக்கக்கூடும்.

ஆனால் மீனென்றாலே ஆகாது என்பதில்லை. இலங்கைக்கு 1952ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் பெருகியிருக்கிறது. அந்நன்னீர் மீனைப் புதிதாக வாங்கிச் சமைக்கலாம். முட்டை, கோழியிறைச்சி, பருப்பு, கடலை, பயறு ஆகியவற்றுக்குத் தடையில்லை. நோயினால் இளைத்த உடலுக்கு இவை மிகவும் வேண்டியவை. “எல்லா மீனையும் நிறுத்து, முட்டையையும் நிறுத்து” என்று பத்தியத்தை வரம்பின்றி விரிப்பது நோயாளிக்குச் செய்யும் உதவியாகாது. சூரை உண்டபின் முகம் சிவந்து தலை வலித்தால், உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். உண்ட மாத்திரையின் பெயரையும் உண்ட மீனின் பெயரையும் அங்கே கூறவேண்டும். ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்து அங்கே உண்டு. மறுநாள் சயரோக மருந்தை எவ்வாறு தொடர்வது என்பதைச் சிகிச்சை நிலையத்து வைத்தியரே கூறுவார். நோயாளி தாமாக நிறுத்துதல் கூடாது.

இம்மருந்துகளை உண்ணும் வேளையும் கவனிக்கத்தக்கது. ஐசோனியசிட்டும் ரிபாம்பிசினும் வெறும் வயிற்றில் நன்கு உறிஞ்சப்படுகின்றன. காலையுணவுக்கு ஒரு மணி நேரம் முன்னர் நீரோடு உண்பது சிறந்தது. வயிற்றெரிச்சலுக்கென்று உண்ணும் அமிலமுறி மருந்துகள் ஐசோனியசிட் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அவற்றை ஒருங்கே உண்ணலாகாது. வெறும் வயிற்றில் உண்பதால் குமட்டல் தாங்கமுடியாவிடின் வைத்தியரிடம் கூறினால், சிறிதளவு உணவோடு உண்ண அவர் வழிசொல்வார். ரிபாம்பிசின் உண்பவர்க்குச் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும், அதற்கு அஞ்சவேண்டியதில்லை. இம்மருந்துகள் ஈரலுக்குச் சுமையாவன. ஆகவே சாராயமும் கசிப்பும் இக்காலத்தில் அறவே கூடா. கண் மஞ்சளித்தாலோ, உணவில் வெறுப்பும் வாந்தியும் தொடர்ந்தாலோ, உடனே வைத்தியரைக் காணவேண்டும்.

சூரை மீனின் கதையைப்போன்ற வேறொரு கதை மேனாட்டிலும் நிகழ்ந்தது. ஐசோனியசிட்டுக்கு நெருங்கிய உறவுடைய ஒரு மருந்தைச் சயரோகிகளுக்குக் கொடுத்தபோது அவர்களுடைய மனச்சோர்வு நீங்குவதைக் கண்டு, அவ்வகை மருந்துகளை மனச்சோர்வுக்கே கொடுக்கலாயினர். அவற்றை உண்டவர் சிலருக்குத் திடீரென்று இரத்த அழுத்தம் ஏறிக் கடுந்தலைவலி உண்டாயிற்று. காரணம் விளங்கவில்லை. இங்கிலாந்திலே மருந்தாளர் ஒருவர், தம் மனைவி பாற்கட்டி உண்ணும்போதெல்லாம் இத்தலைவலி வருவதைக் கவனித்து எழுதித் தெரிவித்தார். பாரி பிளக்வெல் என்னும் இளம் வைத்தியர் அதனை ஆராய்ந்து, பாற்கட்டியே காரணமென்று 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாற்கட்டியிலுள்ள தைரமின் என்னும் பொருளைச் சிதைக்கும் நொதியத்தை அம்மருந்து தடுத்திருந்தது. இங்கிலாந்தில் பாற்கட்டி, இலங்கையில் சூரை மீன். இரண்டிடத்திலும் உண்மை வெளிப்பட்டதற்குக் காரணம் ஒன்றே. நோயாளியின் தட்டில் என்ன இருந்தது என்பதை ஒருவர் கவனித்தார். மற்றொருவர் அதற்குச் செவிகொடுத்தார்.

சயரோகமில்லாத வீடுகளிலும் அன்றாடம் வேறு மருந்துகள் உண்ணப்படுகின்றன. கண்டியைச் சூழ்ந்த மலைகள் தேயிலைக்குப் பெயர்போனவை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டிலே வணிக நோக்கில் தேயிலை பயிரிட்டது முதல், இம்மலைகளில் தேநீரின்றி விடியும் காலை அரிது. அந்தத் தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், இரும்புச்சத்தைப் பற்றிப் பிணைத்து, உடல் உறிஞ்சாதவாறு செய்துவிடும். உணவோடு ஒரு கோப்பை தேநீர் குடித்தாலே, அவ்வுணவிலுள்ள இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் வீணாகக்கூடும். கருவுற்ற தாய்மார்க்கும் இரத்தச்சோகை உடையோர்க்கும் கொடுக்கப்படும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதற்கு ஒப்பாகும். மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையில் இரண்டு மணி நேரமேனும் விடவேண்டும். தேசிக்காய்ச் சாறோ, தோடம்பழமோ, கொய்யாப்பழமோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். தாய்மார் சிகிச்சை நிலையத்தில் இரும்பு மாத்திரையோடு சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுக்கப்படுவதுண்டு. அவ்விரண்டையும் ஒருசேர விழுங்காமல் வெவ்வேறு வேளையில் உண்ணவேண்டும். ஒன்று மற்றொன்றைத் தடுக்கும்.

பால் நல்லுணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் தெற்றாசைக்கிளின், சிப்ரோபிளொக்சசின் முதலிய கிருமிக்கொல்லி மருந்துகளோடு அது சேரலாகாது. பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து அம்மருந்துகளைப் பற்றிக்கொள்ளும். மருந்து குடலிலேயே தங்கிக் கழிந்துவிடும்; கிருமி பிழைத்துக்கொள்ளும். பால்மா கலந்த தேநீருக்கும் தயிருக்கும் இவ்விதி பொருந்தும். அவ்வகை மருந்துகளை நீரோடு உண்டு, பாலை இரண்டு மணி நேரம் கழித்து அருந்தலாம். தைரொயிட் சுரப்பி நோய்க்கு உண்ணும் தைரொக்சின் மாத்திரையையும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் நீரோடு உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் சென்றபின்னரே தேநீர் அருந்தவேண்டும். படுக்கையிலேயே தேநீரோடு மாத்திரையை நீட்டும் அன்பான வழக்கம் இங்கே சற்றுப் பொறுத்திருத்தல் நன்று.

இதய வால்வு மாற்றப்பட்டவர்களுக்கும், இரத்தக் கட்டி ஏற்பட்டவர்களுக்கும் வார்பரின் என்னும் மருந்து கொடுக்கப்படுவதுண்டு. இரத்தம் உறைவதற்கு விற்றமின் ‘கே’ தேவை. அதன் வேலையைத் தடுப்பதே வார்பரினின் தொழில். பசுமையான இலைகளிலோ அந்த விற்றமின் நிறைந்திருக்கிறது. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் ஆகியவை மலைநாட்டுச் சமையலில் நாளாந்தம் இடம்பெறுபவை. காலையில் இலைக்கஞ்சி குடிக்கும் வழக்கமும் உண்டு. இம்மருந்து உண்பவர் கீரையை அறவே ஒழிக்கவேண்டுமென்று சிலர் அஞ்சுகின்றனர். அது வேண்டியதில்லை. வேண்டியது ஒரே சீரான அளவு. வழக்கமாக எவ்வளவு கீரை உண்கிறாரோ அவ்வளவையே தொடர்ந்து உண்டுவந்தால், வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து அதற்கேற்ப மருந்தின் அளவை வகுப்பார். திடீரென்று நாள்தோறும் இலைக்கஞ்சி குடிக்கத் தொடங்கினால் மருந்தின் வலு குறைந்து இரத்தம் கட்டிப்படலாம். திடீரென்று கீரையை நிறுத்தினால் இரத்தப்பெருக்கு ஏற்படலாம். உணவில் மாற்றம் செய்ய விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறிவிடுதல் வேண்டும்.

நீரிழிவுக்காரர் கவனிக்கவேண்டியது வேறு. அவர்களுக்கு உணவைக் கூட்டுவதைவிட உணவைத் தவறவிடுவதே சிலவேளைகளில் பேராபத்தாகும். இன்சுலின் ஊசியையோ, கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையையோ எடுத்துக்கொண்டு உணவை உண்ணாதிருந்தால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மிஞ்சிக் குறைந்து, வியர்த்து, நடுங்கி, நினைவிழந்து வீழ நேரிடலாம். கந்தசஷ்டி விரதம் காப்போரும், றமழான் நோன்பு நோற்போரும் கண்டி நகரிலே அருகருகே வாழ்கின்றனர். விரதம் இருக்க விரும்பும் நீரிழிவுக்காரர் அதனை வைத்தியரிடமிருந்து மறைக்கக்கூடாது. மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றியமைக்க இயலுமா, அன்றி விரதத்தையே தவிர்க்கவேண்டுமா என்பதை அவர் எடுத்துரைப்பார்.

மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் உண்ணும் டைக்குளோபெனாக், ஐபுபுறுபென் போன்ற மாத்திரைகளை வெறும் வயிற்றில் உண்டால் இரைப்பை புண்ணாகலாம். அவற்றை உணவுக்குப் பின்னரே உண்ணவேண்டும். ஒரு மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். மற்றொன்றுக்கு நிறைந்த வயிறு வேண்டும். மருந்து உறையின்மேல் ‘உணவுக்கு முன்’ என்றும் ‘உணவுக்குப் பின்’ என்றும் எழுதித் தருவது இக்காரணம் பற்றியே. அவ்வெழுத்து விளங்காவிடின், மருந்து கொடுப்பவரிடமே நின்று கேட்டுத் தெளிந்து செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாத்திரை விழுங்குவதற்கு மிகச் சிறந்த துணை வெறும் நீரே. நிமிர்ந்திருந்து, ஒரு குவளை நீரோடு விழுங்குதல் எல்லோர்க்கும் ஏற்றது. நீரை அளந்து குடிக்குமாறு பணிக்கப்பட்ட சிறுநீரக, இதய நோயாளர் மட்டும் அவ்வளவைக் கடவாதிருக்க வேண்டும்.

நாட்டு மருந்தையும் ஆங்கில மருந்தையும் ஒருங்கே உண்போரும் பலர். அதில் குற்றம் காண்பதைவிட, இரு வைத்தியர்க்கும் அதனை அறிவிப்பதே முக்கியம். பாகற்சாறு சர்க்கரையைக் குறைக்கும் இயல்புடையது. நீரிழிவு மாத்திரையும் குறைப்பது. இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மீறிக் குறையக்கூடும். செவ்விளநீரில் பொற்றாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றவரும், இரத்த அழுத்தத்துக்கென்று பொற்றாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும் மாத்திரை உண்பவரும் அதனை நாள்தோறும் அருந்துமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் விளைந்தது என்பதனாலேயே ஒரு பொருள் மருந்தோடு பகைக்காது என்று கொள்ளுதல் தகாது.

வைத்தியத்துக்கு நோயாளி, வைத்தியன், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறுகள் உண்டு என்பது வள்ளுவர் கண்ட முடிவு. இந்நான்காமவரை இக்காலத்தில் மறந்துவிடுதல் எளிது. மஹய்யாவவின் ஒரு சிறிய வீட்டிலே சயரோகத்துக்கு மருந்துண்ணும் கணவனுக்குச் சமைக்கும் மனைவியும், மாமியாருக்குக் காலையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகளும், தாயாரைச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் செல்லும் மகனும் அந்நான்காவது கூறாக விளங்குபவர்களே. மருந்து வாங்கும்போது அவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இதனை உணவுக்கு முன் உண்பதா, பின் உண்பதா? இதனோடு சேராத உணவு எது? ஒருவேளை தவறினால் என்ன செய்வது? மாத்திரையின் பெயரை ஒரு தாளில் எழுதிவைத்து, எந்த வைத்தியரைக் காணச் சென்றாலும் கையோடு கொண்டுசெல்லுதலும் வேண்டும்.

மருந்துண்ணும் காலத்தில் உடலுக்கு ஒவ்வாதது ஏதேனும் நேர்ந்தால், மாத்திரையை நிறுத்துமுன், அன்று உண்டதையும் குடித்ததையும் நினைவுகூர்ந்து வைத்தியரிடம் ஒளியாது உரைத்தல் வேண்டும். சூரை மீன் உண்டேன் என்று சொல்வதற்கு அதிக நேரம் செல்லாது. அச்சொல்லைக் கேட்ட வைத்தியர் மீனை மாற்றச் சொல்வார், மருந்து தொடரும், ஆறு மாதமும் முடிந்து நோயும் தீரும்.